பணிநிலைய மடிக்கணினி: சரியான டிரைவரைத் தெரிவதும் உத்தரவாதத்தில் திருத்திப் பெறுவதும்

டெல் பிரிசிஷன், எச்.பி. இசட்புக், லெனோவோ திங்க்பேட் பி வரிசை போன்ற பணிநிலைய மடிக்கணினிகளைக் கொழும்பில் கட்டடக் கலைஞர்களும் கட்டமைப்புப் பொறியியலாளர்களும் காணொளித் தொகுப்பாளர்களும் பெருந்தொகை கொடுத்து வாங்குகிறார்கள். அதே வேகமுள்ள விளையாட்டு மடிக்கணினி குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது இவற்றை வாங்குவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. வடிவமைப்பு மென்பொருள் நிறுவனங்கள் பரிசோதித்துச் சான்றளித்த டிரைவர்கள், அதாவது வன்பொருளை விண்டோஸுடன் இணைத்து இயக்கும் மென்பொருள்கள், இவற்றுக்குக் கிடைக்கின்றன. தொழில்முறைப் பாவனைக்கென வகுத்த உத்தரவாதமும் கிடைக்கிறது. ஆயினும் பணம் கொடுத்துப் பெற்ற இந்த இரண்டையும் தொடாமலேயே பல அலுவலகங்கள் மூன்று ஆண்டுகளைக் கடத்திவிடுகின்றன. கண்ட டிரைவரைக் கண்டபடி நிறுவிவிட்டு, பழுது வந்ததும் அருகிலுள்ள கடையில் காசு கொடுத்துத் திருத்திக்கொள்கிறார்கள்.

டிரைவரும் உத்தரவாதமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. எந்த டிரைவர், எந்தத் திகதியில், எந்தப் பக்கத்திலிருந்து நிறுவப்பட்டது என்ற பதிவு உள்ள இயந்திரத்தில்தான் “இது மென்பொருள் கோளாறு அல்ல, வன்பொருள் பழுது” என்று சேவை நிலையத்திடம் உறுதியாகச் சொல்ல முடியும். அந்தப் பதிவு இல்லாதவரிடம் முதலில் விண்டோஸை மீண்டும் நிறுவிப் பார்க்கச் சொல்வார்கள். அதற்கே சில நாட்கள் போய்விடும்.

படி 1: இயந்திரத்தையும் உத்தரவாதத்தையும் அடையாளம் காணுங்கள்

மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டெல் அதைச் சேவிஸ் டேக் என்று அழைக்கிறது. லெனோவோவில் தொடர் எண்ணும், எச்.பி.யில் தொடர் எண்ணுடன் தயாரிப்பு எண்ணும் தேவைப்படும். ஒட்டப்பட்ட தாள் வியர்வையிலும் உராய்விலும் அழிந்துவிடக்கூடும் என்பதால், பயோஸ் (விண்டோஸுக்கு முன் இயங்கும் அடிப்படை மென்பொருள்) திரையில் தெரியும் அதே எண்ணையும் ஒரு முறை படமெடுத்து வைப்பது நல்லது. தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இந்த எண்ணை இட்டால் உத்தரவாதம் எந்த நாட்டுக்குரியது, எப்போது முடிகிறது, இயந்திரத்தை நீங்கள் கொண்டுசெல்ல வேண்டுமா அல்லது தொழில்நுட்பவியலாளர் உங்கள் இடத்துக்கு வருவாரா என்பவை தெரியவரும்.

கொழும்புச் சந்தையில் ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு உத்தரவாதங்கள் குறிப்பிடப்படுகின்றன. தயாரிப்பாளர் நேரடியாக அளிப்பது ஒன்று. இறக்குமதி செய்யும் உள்ளூர் முகவர் அளிப்பது இன்னொன்று. விற்ற கடை தன் பொறுப்பில் தருவது மூன்றாவது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ கொள்ளுப்பிட்டியிலோ வாங்கும்போது “மூன்று வருட வரண்டி” என்று சொன்னால், அது யாருடைய உத்தரவாதம் என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். டுபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த இயந்திரமாயின், அந்த மாதிரிக்கு இங்கே சேவை கிடைக்குமா என்பதைப் பழுது வருவதற்கு முன்பே உறுதிசெய்ய வேண்டும். டெல் இயந்திரங்களுக்கு உரிமையாளர் மாற்றத்தையும் நாடு மாற்றத்தையும் இணையத்தில் பதிவுசெய்யும் வழி இருக்கிறது. பாவித்த இயந்திரம் வாங்குவோர் இதைத் தவறவிடக் கூடாது.

பற்றரிக்கு மட்டும் பெரும்பாலும் ஓராண்டே உத்தரவாதம். மூன்றாண்டுத் திட்டத்துக்குள் அதுவும் அடங்கும் என்று எண்ணியிருக்க வேண்டாம். வெப்பத்தாளில் அச்சிடப்பட்ட பற்றுச்சீட்டுகள் சில மாதங்களிலேயே மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

படி 2: டிரைவரை எங்கிருந்து எடுப்பது என்று முடிவுசெய்யுங்கள்

இதில் என் நிலைப்பாடு தெளிவானது: புதியது என்பதற்காக எந்த டிரைவரையும் நிறுவக் கூடாது. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பிரதான மென்பொருள் எந்தப் பதிப்பைச் சான்றளித்திருக்கிறதோ, அதிலிருந்தே தெரிவு தொடங்க வேண்டும்.

ஆட்டோடெஸ்க், சொலிட்வேர்க்ஸை வெளியிடும் டஸோ சிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் மென்பொருளின் ஒவ்வொரு ஆண்டுப் பதிப்புக்கும் எந்த கிராபிக்ஸ் கார்ட்டில் எந்த டிரைவர் பரிசோதிக்கப்பட்டது என்ற பட்டியலை வெளியிடுகின்றன. சொலிட்வேர்க்ஸுடன் வரும் ஆர்எக்ஸ் என்ற பரிசோதனைக் கருவி, உங்கள் இயந்திரத்தில் இருக்கும் டிரைவர் சான்றளிக்கப்பட்டதா என்று நேரடியாகவே காட்டிவிடும். அந்தப் பட்டியலில் உள்ள பதிப்பு உங்கள் மடிக்கணினித் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்திலும் இருந்தால் அதையே நிறுவுங்கள். அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை.

தயாரிப்பாளரின் பக்கத்தை நான் முதன்மைப்படுத்துவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு டிரைவர் தொகுப்பிலும் அது எந்தெந்தச் சாதனங்களுக்குரியது என்று சொல்லும் ஒரு கோப்பு இருக்கும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்ட்டின் வன்பொருள் அடையாளத்தைத் திறந்தால், சிப்பைச் செய்தவரின் குறியீட்டையும் மடிக்கணினியைச் செய்தவரின் குறியீட்டையும் காணலாம். 10டிஇ என்பது என்விடியா, 8086 என்பது இன்டெல். உப அடையாளத்தின் (SUBSYS எனத் தொடங்கும் பகுதி) இறுதி நான்கு இலக்கங்களில் 1028 டெல்லையும் 103சி எச்.பி.யையும் 17ஏஏ லெனோவோவையும் குறிக்கும். ஒரே சிப்பாக இருந்தாலும் திரை வெளிச்சம், மின்நுகர்வு எல்லை, வெளித்திரை இணைப்பு ஆகியன ஒவ்வொரு மாதிரியிலும் வேறுபடலாம். அந்த மாதிரியில் வைத்துச் சோதித்த பதிப்பைத்தான் மடிக்கணினித் தயாரிப்பாளர் தன் பக்கத்தில் வெளியிடுகிறார்.

தயாரிப்பாளரின் பக்கத்தில் உள்ளது மிகவும் பழையதாக இருந்து, உங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு அதை ஏற்காவிட்டால் மட்டுமே என்விடியாவின் சொந்தப் பக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே தொழில்முறைக் கார்ட்டுகளுக்கு இரண்டு டிரைவர் கிளைகள், அதாவது வெளியீட்டு வரிசைகள், உண்டு. புரொடக்ஷன் பிராஞ்ச் எனப்படுவது நீண்டகால நிலைத்தன்மைக்கானது. நியூ ஃபீச்சர் பிராஞ்ச் எனப்படுவது புதிய வசதிகளை முன்கூட்டித் தருவது. வேலை இயந்திரத்துக்கு எப்போதும் முதலாவதே உகந்தது. கேம் ரெடி டிரைவர்கள் விளையாட்டுகளுக்கானவை என்பதால் அவற்றை விட்டுவிடுங்கள்.

பாவித்த இயந்திரம் வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. என்விடியா 2020இல் தன் தொழில்முறைக் கார்ட்டுகளின் புதிய தலைமுறையிலிருந்து குவாட்ரோ என்ற பெயரைக் கைவிட்டு ஆர்டிஎக்ஸ் என்ற பெயரை முன்னிறுத்தியது. டெல்லும் 2025இல் பிரிசிஷன் வரிசையின் பெயரை புரோ மேக்ஸ் என மாற்றத் தொடங்கியது. எனவே, பழைய பெயரில் தேடிக் கிடைக்காதது புதிய பெயரில் இருக்கலாம். மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைச் சிப்புகள் கொண்ட பழைய குவாட்ரோ எம், பி வரிசைகளுக்கு 580 என்ற டிரைவர் கிளையே இறுதியானது என்று என்விடியா 2025இல் அறிவித்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று அவற்றை வாங்குவோர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கிராபிக்ஸ் மட்டுமே டிரைவர் அல்ல. சிப்செட் (மதர்போர்ட்டின் பகுதிகளை இணைக்கும் சிப்புகள்), சேமிப்பகக் கட்டுப்பாட்டி, தண்டர்போல்ட் (வேகமான யுஎஸ்பி-சி இணைப்பு) ஆகியவற்றின் டிரைவர்களும் ஃபேர்ம்வேர்களும் (சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) சில வேளைகளில் அதைவிட முக்கியமாகிவிடுகின்றன. 2017 முதல் 2019 வரை வெளிவந்த பல திங்க்பேட் மாதிரிகளில், பி வரிசையைச் சேர்ந்த சிலவும் அடங்கலாக, தண்டர்போல்ட் ஃபேர்ம்வேரில் இருந்த குறைபாட்டால் யுஎஸ்பி-சி போர்ட் இயங்காமல் போகக்கூடும் என்று லெனோவோவே அறிவித்து, புதுப்பித்த ஃபேர்ம்வேரை வெளியிட்டது. உரிய காலத்தில் அதை நிறுவியவர்களுக்குச் சில நிமிட வேலையோடு முடிந்தது. தாமதித்தவர்களில் சிலருக்கு மதர்போர்ட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே கிராபிக்ஸ் டிரைவரில் அவசரம் வேண்டாம். தயாரிப்பாளர் “மிக அவசியம்” என்று குறிக்கும் ஃபேர்ம்வேரில் தாமதம் வேண்டாம்.

படி 3: மாற்றுவதற்கு முன் திரும்பிவரும் வழியை அமையுங்கள்

தற்போது நன்றாக இயங்கும் டிரைவர்கள் அனைத்தையும் ஒரு கோப்புறைக்குப் பிரதியெடுக்க விண்டோஸிலேயே பிஎன்பியூட்டில் என்ற கட்டளை இருக்கிறது. நிர்வாகி உரிமையுடன் அதை ஒரு முறை இயக்கி, கிடைக்கும் கோப்புறையை வெளி டிரைவில் வையுங்கள். தயாரிப்பாளர் பழைய பதிப்புகளை இணையத்திலிருந்து நீக்கிவிட்டாலும் உங்களிடம் அவை இருக்கும்.

அடுத்து பிட்லொக்கர், அதாவது சேமிப்பகத்தைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. புதிய விண்டோஸ் 11 இயந்திரங்களில் நீங்கள் கேட்காமலேயே குறியாக்கம் இயங்கியிருக்கக்கூடும். பயோஸைப் புதுப்பிக்கும்போதோ மதர்போர்ட்டை மாற்றும்போதோ அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் தரவுகள் போனவைதான். சாவியை அச்சிட்டு அலுவலகக் கோப்பில் வையுங்கள். பயோஸைப் புதுப்பிப்பதற்கு முன் பிட்லொக்கரைத் தற்காலிகமாக இடைநிறுத்துங்கள். பயோஸ் வேலையின்போது சார்ஜரும் இணைந்திருக்க வேண்டும், பற்றரியும் நன்கு நிறைந்திருக்க வேண்டும். 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த நகரத்தில் இதை விரிவாக விளக்கத் தேவையில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். சிப்செட்டை முதலிலும் கிராபிக்ஸைப் பின்னரும் நிறுவி, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாளாவது வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். கேள்விமனுச் சமர்ப்பிப்புக்கு முந்திய வாரத்தில் எதையும் தொடாதீர்கள். நிறுவிய திகதி, பதிப்பு எண், எடுத்த பக்கம் ஆகிய மூன்றையும் ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதி வாருங்கள். பிற்பாடு உத்தரவாதக் கோரிக்கைக்கு இதுவே உங்கள் சாட்சி.

விண்டோஸ் அப்டேட் நீங்கள் தெரிந்த டிரைவரின்மேல் தானாகவே வேறொன்றை ஏற்றிவிடுவதுண்டு. புரொஃபெஷனல் பதிப்பில் குழுக் கொள்கைப் பகுதியிலுள்ள “விண்டோஸ் அப்டேட்டில் டிரைவர்களைச் சேர்க்க வேண்டாம்” என்ற அமைப்பை இயக்கினால் அது நின்றுவிடும்.

படி 4: டிரைவரா வன்பொருளா என்று பிரித்தறியுங்கள்

இதுவே முழு வேலையிலும் கவனம் கூடுதலாக வேண்டிய இடம். வெள்ளவத்தையில் கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் முப்பரிமாணக் காட்சியைத் திருப்பும்போதெல்லாம் திரையின் இடப்பக்கத்தில் பச்சைநிறக் கோடுகள் நிலைக்குத்தாக ஓடின. அங்கே எல்லோரும் டிரைவரையே குற்றஞ்சாட்டினார்கள். கோடுகள் தெரியும்போதே ஸ்கிரீன்ஷொட் ஒன்றை எடுத்து, அதை இன்னொரு கணினியில் திறந்து பார்த்தோம். படம் சுத்தமாக இருந்தது. ஒரு கோடும் இல்லை. அதாவது கிராபிக்ஸ் சிப் சரியான படத்தையே உருவாக்கியிருக்கிறது; அது திரைக்குப் போய்ச் சேரும் வழியில்தான் கெடுகிறது. மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தபோது கோடுகள் இடம்மாறின. பழுது திரை கேபிளில். எந்த டிரைவரும் அதைத் தீர்த்திருக்காது.

ஸ்கிரீன்ஷொட்டிலும் கோடுகளோ சிதறல்களோ விழுந்திருந்தால் அடுத்த சோதனைக்குப் போங்கள். இயந்திரத்தை மீள இயக்கி, விண்டோஸ் ஏறுவதற்கு முன் தோன்றும் தயாரிப்பாளரின் சின்னத்தையும் பயோஸ் திரையையும் உற்றுப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் விண்டோஸ் டிரைவர் எதுவும் இயங்குவதில்லை. அங்கேயும் சிதறல் தெரிந்தால் பெரும்பாலும் அது வன்பொருளே. அதைக் கைத்தொலைபேசியில் காணொளியாக எடுத்து வையுங்கள். சேவை நிலையம் மறுக்க இயலாத ஆதாரம் அது. அங்கே சிதறல் தெரியாவிட்டாலும் வன்பொருள் நல்லது என்று ஆகிவிடாது. பல மாதிரிகளில் பயோஸ் திரையை இன்டெல் கிராபிக்ஸே வரைகிறது. என்விடியா சிப் பின்னர்தான் வேலைக்கு வருகிறது. அதனால் பயோஸில் தனி கிராபிக்ஸை மட்டும் பயன்படுத்தும் தெரிவு இருந்தால், அதை இயக்கிவிட்டு இதே சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

திரை ஒரு கணம் கறுத்து மீண்டு வருவது வேறு வகை. கிராபிக்ஸ் சிப் இரண்டு விநாடிகளுக்குள் பதிலளிக்காவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீள ஆரம்பிக்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் அது 4101 என்ற எண்ணுடன் பதிவாகும். இதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சான்றளிக்கப்பட்ட பதிப்பைச் சுத்தமாக மீண்டும் நிறுவுங்கள். அதன்பின் இந்தப் பதிவு நின்றுவிட்டால் டிரைவர்தான் காரணம். இரண்டு வெவ்வேறு கிளைகளின் டிரைவர்களிலும் அதே பதிவு வந்து, அருகில் வீயா-லொகர் (WHEA-Logger) என்ற பெயரில் வன்பொருள் பிழைகளும் விழுந்திருந்தால், உத்தரவாதத்தின் கதவைத் தட்டலாம்.

தயாரிப்பாளரின் உட்பொதிந்த பரிசோதனையை இறுதியில் ஓடவிடுங்கள். டெல்லில் இயக்கும்போது எஃப்12 அழுத்தியும், எச்.பி.யில் எஃப்2 அழுத்தியும் அதை அடையலாம். பிழை கண்டால் அது ஒரு குறியீட்டைத் தரும். அந்தக் குறியீட்டுடன் வரும் கோரிக்கையை முகவர்கள் வாதமின்றி ஏற்பது வழக்கம்.

படி 5: கோரிக்கையை எழுத்தில் திறவுங்கள்

தொலைபேசியில் மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். “லப்டொப் அடிக்கடி நிற்கிறது, உடனே பார்க்கவும்” என்ற வகை முறைப்பாடு விண்டோஸை மீள நிறுவும் அறிவுரையையே கொண்டுவரும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: “இத்தொடர் எண்ணுடைய இயந்திரத்தில், உங்கள் இணையத்தளத்திலிருந்து பெற்ற இன்ன பதிப்பு டிரைவருடன், பயோஸ் திரையிலேயே சிதறல் தெரிகிறது. காணொளியும் பரிசோதனைக் குறியீடும் இணைக்கப்பட்டுள்ளன. டிரைவரைச் சுத்தமாக மீள நிறுவியும் மாற்றமில்லை.” கொழும்பில் சேவை நிலையங்களுடனான மின்னஞ்சல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. எந்த மொழியில் எழுதினாலும் இந்த ஒழுங்கு மாறக் கூடாது.

அடுத்த வேலைநாளில் இடத்துக்கே வந்து திருத்தும் சேவையை வாங்கியிருந்தாலும், தொலைவிலிருந்து பழுதை உறுதிசெய்த பின்னரே அந்த நாள் கணக்கில் வரும். போயா தினமும் ஏனைய பொது விடுமுறைகளும் வேலைநாட்கள் அல்ல. உதிரிப்பாகம் நாட்டில் இல்லையெனில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வேலைக்கு மாற்று இயந்திரம் தேவையென்றால் அதை முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள்.

படி 6: ஒப்படைக்கும் முன்

தரவுகளை முழுமையாகப் பிரதியெடுங்கள். பழுது சேமிப்பகத்தில் இல்லையென்றால், எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். பல பணிநிலைய மாதிரிகளில் அது எளிதாகக் கழலும். வாடிக்கையாளர்களின் வரைபடங்களும் தனிப்பட்ட விவரங்களும் உள்ள டிரைவை வெளியே அனுப்புவது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாட்டில் இலகுவாக எடுக்கத்தக்க முடிவல்ல. கழற்ற முடியாதெனில் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், பரிசோதனைக்கென வேறொரு கணக்கை உருவாக்கிக் கொடுங்கள்.

மூடி, திரை, விசைப்பலகை, ஒவ்வொரு போர்ட், அடிப்பக்கத் திருகுகள் ஆகியவற்றைப் படமெடுங்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளவர்கள் போர்ட்டுகளை இன்னும் நெருக்கமாக எடுக்க வேண்டும். உப்புக்காற்றில் உலோக முனைகள் வெளுத்தும் பச்சை பூத்தும் போவதுண்டு. சில சேவை நிலையங்கள் அதைக் கண்டவுடன் திரவம் சிந்தியதாகக் கூறி உத்தரவாதத்தை மறுத்துவிடுகின்றன. ஒப்படைக்கும்போது தரும் வேலைப் பத்திரத்தில் தொடர் எண், இணைத்துக் கொடுத்த சார்ஜர், ஏற்கெனவே உள்ள கீறல்கள், முறைப்பாட்டின் சுருக்கம் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வாசித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

படி 7: திரும்பப் பெறும்போது

மதர்போர்ட் மாற்றப்பட்டிருந்தால் கவுன்டரில் வைத்தே பயோஸைத் திறவுங்கள். புதிய மதர்போர்ட்டில் உங்கள் தொடர் எண் பதியப்பட்டிருக்க வேண்டும். அது வெறுமையாகவோ வேறாகவோ இருந்தால் அடுத்த உத்தரவாதக் கோரிக்கை சிக்கலாகும், தயாரிப்பாளரின் புதுப்பித்தல் கருவியும் சரியாக இயங்காது. சேமிப்பகக் கட்டுப்பாட்டி முன்பிருந்த முறையிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். ரெய்ட், விஎம்டி, ஏஎச்சிஐ என்பன அந்த முறைகளின் பெயர்கள். ரெய்ட் அல்லது விஎம்டி முறையில் நிறுவிய விண்டோஸ், ஏஎச்சிஐ முறைக்கு மாறிய பயோஸில் நீலத்திரையுடன் நின்றுவிடும். அமைப்பைப் பழையபடி மாற்றினால் போதும். விண்டோஸை அழித்து மீள நிறுவத் தேவையில்லை.

புதிய மதர்போர்ட்டுடன் நெட்வேர்க் முகவரியும் மாறியிருக்கலாம். இயந்திரத்துடன் பிணைக்கப்பட்ட உரிமத்தில் இயங்கும் சில பொறியியல் மென்பொருள்கள் அந்த முகவரியையே அடையாளமாகக் கொள்கின்றன. எனவே உரிமத்தை மீளப் பெறுவதற்கான விண்ணப்பத்தை அன்றே அனுப்புங்கள். வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ கொண்டுவந்ததும் உங்கள் வழக்கமான கனத்த கோப்பு ஒன்றைத் திறந்து ஒரு மணித்தியாலமாவது வேலை செய்து, வெப்பமும் விசிறிச் சத்தமும் முன்னைப் போன்றிருக்கின்றனவா என்று கவனியுங்கள். வெப்பப்பசை சரியாகப் பூசப்படாத இயந்திரம் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 8: மறுத்தால்

மறுப்பைக் காரணத்துடன் எழுத்தில் கேளுங்கள். திரவம் பட்டது என்றால் எந்த இடத்தில் என்று காட்டும் படத்தையும் கேளுங்கள். அதை வைத்து முகவரின் மேலாளருக்கும், பின்னர் தயாரிப்பாளரின் பிராந்திய ஆதரவுப் பிரிவுக்கும் எழுதலாம். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும், உங்கள் மாதிரிக்குத் தனியான மீளழைப்புத் திட்டம் உண்டா என்று தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். 2018இல் எச்.பி. அறிவித்த பற்றரி மீளழைப்பில் இசட்புக் மாதிரிகள் சிலவும் அடங்கியிருந்தன, அவற்றுக்கு மாற்றுப் பற்றரி இலவசமாகவே வழங்கப்பட்டது. 2008இல் என்விடியாவின் மடிக்கணினிச் சிப்புகளில் குறைபாடு வெளிப்பட்டபோதும் சில தயாரிப்பாளர்கள் பாதிக்கப்பட்ட மாதிரிகளுக்கு உத்தரவாதத்தை நீடித்தார்கள்.

அதற்கும் பலன் இல்லையெனில், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். அளித்த உத்தரவாதத்துக்கு இணங்காத விற்பனை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. 1977 என்ற இலக்கத்தில் தொடர்புகொண்டு வழிமுறையைக் கேட்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுத உங்களுக்கு உரிமை உண்டு. சட்டம் முறையிடுவதற்குக் கால எல்லை வகுத்திருப்பதால், கடைக்காரருடன் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். பற்றுச்சீட்டின் பிரதி, உத்தரவாதப் பத்திரம், வேலைப் பத்திரம், எழுத்து மூலமான மறுப்பு, உங்கள் டிரைவர் பதிவுக் கோப்பின் அச்சுப்பிரதி ஆகியவற்றைத் திகதி வரிசையில் அடுக்கி இணைத்து அனுப்புங்கள். மூலப்பிரதிகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.